மூச்சு வாங்கினால் வயசாச்சு என்று அர்த்தமா?

பி.பி. எவ்வளவு என்று எங்கள் வயதுக்காரர்களைக் கேட்டுப் பாருங்கள். "காலையில 140க்கு 90, மாத்திரை போட்டப்புறம் 130க்கு 80" என்று கிரிக்கெட் ஸ்கோர் மாதிரி ஒப்பிப்பார்கள். சுகர் என்றால் வெறும் வயிற்றில் ஒன்று, சாப்பிட்ட பின் ஒன்று, மூன்று மாத சராசரி ஒன்று என மூன்று எண்கள் வரும். சிலருக்கு கிரியாட்டினின் வரை மனப்பாடம். உங்கள் நுரையீரல் எவ்வளவு காற்றை ஊதும் என்று கேட்டால் மட்டும் முழிப்பார்கள். அப்படி ஒரு கணக்கு இருப்பதே பலருக்குத் தெரியாது. மாடிப்படி ஏறும்போது இப்படி மூச்சு வாங்குதே, டாக்டரிடம் காட்டினீர்களா என்றால் ஒரே பதில்தான்: "அட, வயசாச்சுல்லீங்க."

இந்த "வயசாச்சுல்லீங்க" மேல்தான் எனக்குக் கோபம். முட்டி வலித்தால் வயசாச்சு என்று யாரும் சும்மா இருப்பதில்லை. தைலம், பெல்ட், எக்ஸ்ரே, கடைசியில் ஆபரேஷன் வரை போகிறார்கள். கண்ணில் புரை விழுந்தால் லென்ஸ் வைத்துக்கொள்கிறார்கள். மூச்சு ஒன்றுக்குத்தான் வயது என்ற சமாதானம்.

வயதால் நுரையீரல் தேயாது என்று நான் சொல்லவில்லை. தேயும். ஆனால் எவ்வளவு என்று கணக்குப் பாருங்கள். முழுக்க மூச்சை இழுத்துக்கொண்டு வேகமாக ஊதினால், முதல் ஒரு விநாடியில் வெளியே வரும் காற்றைத்தான் டாக்டர்கள் முக்கியமாக அளக்கிறார்கள். ஆரோக்கியமான 25 வயது ஆணுக்கு அது மூன்றரை லிட்டர் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதன்பின் வருஷத்துக்குச் சுமாராக 25, 30 மில்லி குறையும். 70 வயதில் மொத்தம் ஒன்றேகால் லிட்டர் போயிருக்கும். அப்போதும் இரண்டு லிட்டருக்கு மேல் மிச்சம். இரண்டு மாடி ஏறவும், மார்க்கெட் போய் பை நிறையக் காய்கறி வாங்கி வரவும் அது தாராளம். ஆகவே 70 வயதில் ஒருவர் குளித்துத் துவட்டிக்கொள்வதற்குள் மூச்சு வாங்கி உட்காருகிறார் என்றால், அது வயது செய்த வேலை இல்லை. வேறு ஏதோ செய்திருக்கிறது.

நுரையீரல் ஒரு விசித்திரமான உறுப்பு. அது தானாக விரியாது. அதற்கென்று சொந்தத் தசை பலம் கிடையாது. அடியில் உதரவிதானம் என்ற தசைத் தட்டு கீழே இறங்கும்போது நெஞ்சுக்கூட்டில் இடம் உண்டாகிறது, காற்று உள்ளே வருகிறது. உதரவிதானம் தளரும்போது காற்று வெளியே போகிறது. நிமிஷத்துக்கு 15 தடவை என்றால் ஒரு நாளுக்கு 21,600. சிதம்பரத்தில் பொற்கூரை ஓடுகள் 21,600 என்று சொல்வார்களே, அந்தக் கணக்குத்தான். கோயிலில் ஓட்டை எண்ணிப் பார்த்தவர்கள் யாரென்று எனக்குத் தெரியாது. ஆனால் ஓய்வாக இருக்கும் மனிதனுக்கு நிமிஷத்துக்கு 12 முதல் 20 மூச்சு என்று இன்றைய புத்தகங்களும் சொல்வதால், நம் முன்னோர் கணக்கில் தப்பில்லை.

உள்ளே போகும் மூச்சுக்குழாய் இரண்டாகப் பிரிந்து, அது மறுபடி இரண்டாகப் பிரிந்து, இப்படியே இருபது தடவைக்கு மேல் கிளைத்துக்கொண்டு போகும். தலைகீழாக நட்ட வேப்பமரம் மாதிரி. அதன் நுனியில் இலைகளுக்குப் பதில் காற்றுப் பைகள், 30 கோடிக்குக் குறையாமல். அவற்றை எல்லாம் விரித்துப் பரப்பினால் சுமார் 750 சதுர அடி வரும். நம் ஊரில் இரண்டு பெட்ரூம் ஃபிளாட் என்று விற்கிறார்களே, அவ்வளவு. அந்தப் பைகளின் சுவர், தலைமுடியின் பருமனில் நூறில் ஒரு பங்குதான் இருக்கும். அதன் வழியேதான் பிராணவாயு ரத்தத்துக்குப் போகிறது, கரியமில வாயு வெளியே வருகிறது.

இவ்வளவு இடம் இருப்பதில் ஒரு வசதியும் உண்டு, ஒரு ஆபத்தும் உண்டு. ஒரு பக்க நுரையீரலையே எடுத்துவிட்டாலும் மனிதன் உயிரோடு இருக்கலாம். அது வசதி. பாதி கெட்டுப்போகும் வரை வெளியே தெரியாது என்பது ஆபத்து. போதாததற்கு நுரையீரலுக்கு வலி தெரியாது. அதைச் சுற்றியுள்ள வெளிச் சவ்வில்தான் வலி நரம்பு உண்டு. பல் சொத்தையானால் ராத்திரி தூங்க விடாது. நுரையீரல் சொத்தையானால் சத்தமே போடாது. முதல் சத்தம் போடும்போது நாம் அதற்கு வயசு என்று பெயர் வைத்துவிடுகிறோம்.

என் அக்காவுக்கு இப்போது 78 வயது. 1966-ல் கல்யாணமாகிப் பல்லடம் பக்கம் ஒரு கிராமத்துக்குப் போனவள். கூட்டுக் குடும்பம். காலை நாலரைக்கு அடுப்புப் பற்றவைத்தால் ராத்திரி எட்டரை வரை அது அணையாது. பருத்தி மாறு, தென்னமட்டை, மழைக்காலத்தில் ஈர விறகு. ஜன்னல் என்று பார்த்தால் ஒரு அடிக்கு ஒரு அடி. ஊதாங்குழலை வாயில் வைத்து ஊதி ஊதி, கண்ணில் தண்ணீர் வடிய வடிய 35 வருஷம் சமைத்தாள். கேஸ் அடுப்பு அந்த வீட்டுக்கு வரும்போது அவளுக்கு 50 வயது தாண்டிவிட்டது.

அறுபது வயதில் இருமல் ஆரம்பித்தது. மார்கழி வந்தால் சளி, மாசி வரை போகாது. அப்புறம் நடந்தால் இளைப்பு. ஊரில் பார்த்த டாக்டர்கள் சிரப் கொடுத்தார்கள், ஆன்டிபயாடிக் கொடுத்தார்கள். ஈ.சி.ஜி. எடுத்தார்கள், எக்கோ எடுத்தார்கள், இதயம் நன்றாக இருக்கிறது என்றார்கள். "வயசாச்சும்மா, ஓய்வெடுங்க" என்று அனுப்பினார்கள். ஏழு வருஷம் இப்படியே ஓடியது. கடைசியில் நெஞ்சக நோய் டாக்டர் ஒருவர்தான் ஸ்பைரோமெட்ரி என்ற கருவியில் ஊதச் சொன்னார். நல்ல நுரையீரல் மொத்தக் காற்றில் 100-க்கு 70-க்கு மேல் முதல் விநாடியில் வெளியே தள்ளிவிடும். அக்காவுக்கு 52 வந்தது. சி.ஓ.பி.டி., அதாவது நாள்பட்ட மூச்சுக்குழாய் அடைப்பு நோய். பீடி, சிகரெட் குடிப்பவர்களுக்கு வருவது என்று பொதுவாக நாம் நினைக்கும் நோய்.

"நான் என்ன பீடியா குடிச்சேன்?" என்று அக்கா அந்த டாக்டரையே கேட்டாள். அவர் பொறுமையாக, "நீங்க அடுப்பைக் குடிச்சிருக்கீங்கம்மா" என்றார்.

இந்தியாவில் இந்த நோய் உள்ளவர்கள் 2016-ல் சுமார் 5.5 கோடி என்று லான்செட் மருத்துவ இதழ்க் குழுமத்தில் வெளிவந்த ஓர் ஆய்வு கணக்கிட்டது. ஆஸ்துமா உள்ளவர்கள் 3.8 கோடி. இரண்டையும் நாம் வீசிங் என்ற ஒரே கூடையில் போட்டுவிடுகிறோம். இரண்டும் ஒன்றல்ல. ஆஸ்துமாவில் மூச்சுக்குழாயின் உட்சுவர் வீங்கி, சுற்றியுள்ள தசை இறுகுகிறது. மருந்து போட்டால் விட்டுவிடும், நடுவில் நல்ல நாட்களும் உண்டு. சி.ஓ.பி.டி.யில் குழாய்கள் சுருங்கியபடியே நின்றுவிடும், காற்றுப் பைகளின் நடுச்சுவர் கிழிந்து சின்னப் பைகள் சேர்ந்து பெரிய தொளதொளப் பைகளாகும். உள்ளே போன காற்று முழுசாக வெளியே வராமல் மாட்டிக்கொள்ளும். மூச்சை இழுக்க முடியவில்லை என்று நோயாளி சொல்வார். உண்மையில் அவரால் விட முடியவில்லை. பழைய காற்று காலி செய்தால்தானே புதுக் காற்று குடி வரும்? அதனால்தான் விசில் அடிப்பது போல் உதட்டைக் குவித்து, இழுத்ததைப்போல் இரண்டு பங்கு நேரம் மெதுவாக விடச் சொல்கிறார்கள். அக்காவுக்கு மாத்திரையைவிட இந்தப் பயிற்சி முதலில் பிடித்துப்போனது. செலவில்லை பாருங்கள்.

கிழிந்த பைகள் மறுபடி ஒட்டாது, அது உண்மைதான். அதற்காகக் கண்டுபிடித்து என்ன லாபம் என்று கேட்காதீர்கள். 1977-லேயே ஃப்ளெட்சர், பீட்டோ என்ற இரண்டு ஆங்கிலேய ஆய்வாளர்கள் லண்டன் தொழிலாளர்களை வருஷக்கணக்கில் ஊத வைத்துப் பார்த்துச் சொன்னார்கள்: புகையை நிறுத்தினால் போன திறன் திரும்பாது, ஆனால் அதற்குமேல் சரியும் வேகம் மற்றவர்களுடையதைப் போல் ஆகிவிடும். எந்த வயதில் நிறுத்தினாலும் அந்த அளவுக்கு லாபம்தான். இனிமேல் நிறுத்தி என்ன பிரயோசனம் என்று பெஞ்சில் உட்கார்ந்து பற்றவைக்கும் நண்பர்களுக்கு இதை நான் பத்துத் தடவையாவது சொல்லியிருப்பேன்.

அக்கா வீட்டுக்காரர் கதை வேறு. மாமா கோவையில் ஒரு மில்லில் கார்டிங் பிரிவில் இருந்தார். பைக்காரா மின்சாரம் வந்த பிறகு நம் ஊரில் மில்கள் எப்படிப் பெருகின என்பதைப் பெருமையாகப் பேசுகிறோம். நானும் பேசுவேன். அந்த மில்களில் ப்ளோ ரூமிலும் கார்டிங்கிலும் நின்றவர்கள் எதைச் சுவாசித்தார்கள் என்பதை யாரும் அவ்வளவாகப் பேசுவதில்லை. ஷிப்ட் முடிந்து வரும்போது மாமாவின் புருவமெல்லாம் வெள்ளையாக இருக்கும். வார லீவு முடிந்து வேலைக்குப் போகும் முதல் நாள் அவருக்கு நெஞ்சைப் பிடித்துக் கட்டிப்போட்ட மாதிரி இருக்கும். இரண்டாம் நாள் குறையும், மூன்றாம் நாள் மறந்துவிடும். லீவில் சாப்பிட்ட கறிதான் காரணம் என்று அவர் கட்சி. தினம் வெல்லமும் வாழைப்பழமும் சாப்பிட்டால் உள்ளே போன பஞ்சு வெளியே போய்விடும் என்றும் நம்பினார். சாப்பாடு போகும் வழி வேறு, காற்று போகும் வழி வேறு என்பதால் வெல்லத்துக்கும் பஞ்சுக்கும் சந்திப்பே கிடையாது.

முதல் நாள் நெஞ்சு கட்டுவதுதான் பருத்தித் தூசி நோயின் அசல் அடையாளம். பிஸினோசிஸ் என்று பெயர். ஞாயிறு விடுமுறை உள்ள நாடுகளின் புத்தகங்களில் திங்கட்கிழமையின் பெயரையே அதோடு சேர்த்துச் சொல்வார்கள். ஆரம்ப வருஷங்களில் வேறு பிரிவுக்கு மாற்றினால் சரியாகிவிடும், விட்டுவிட்டால் நிரந்தரமாகும். தொழிற்சாலைச் சட்டப்படி அறிவிக்கப்பட வேண்டிய நோய்களின் பட்டியலில் இது இருக்கிறது, நஷ்ட ஈடும் உண்டு. மாமா 27 வருஷம் அந்தப் பிரிவில் இருந்தார். அவர் எந்தப் பட்டியலிலும் ஏறவில்லை. 2004-ல் போனார். கடைசி இரண்டு வருஷம் தலையணை மூன்று அடுக்கி உட்கார்ந்தபடியே தூங்கினார். அவர் விஷயத்திலும் எல்லோரும் சொன்னது வயசாச்சு என்பதுதான். அப்போது அவருக்கு 64.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். மூச்சு வாங்குவதெல்லாம் நுரையீரல் கோளாறும் அல்ல. படுத்தால் மூச்சு முட்டி, நடுராத்திரி எழுந்து உட்கார்ந்தால் கொஞ்சம் தேவலை, சாயங்காலம் கால் வீங்குகிறது என்றால் இதயம் பலவீனமாகி நுரையீரலில் நீர் தேங்குகிறதோ என்று பார்க்க வேண்டும். ரத்தசோகை இருந்தாலும் இளைக்கும். நம் வீட்டுப் பெண்களுக்கு அது சர்வ சாதாரணம். சின்ன வயதில் டி.பி. வந்து குணமானவர்களுக்கு நுரையீரலில் தழும்பு விழுந்து, அந்த இடத்தில் சளி தேங்கும். ஆக, பக்கத்து வீட்டுக்காரரின் மருந்தை வாங்கிப் போட்டுக்கொள்ளும் பழக்கம் இந்த விஷயத்தில் மிகவும் ஆபத்து. எதனால் என்று தெரியாமல் மூச்சுக்கு மருந்து சாப்பிடக்கூடாது.

இப்போது பம்ப் விஷயத்துக்கு வருகிறேன். இதற்காகத்தான் இந்தப் பதிவையே எழுத உட்கார்ந்தேன்.

இன்ஹேலர் என்றால் நம் ஆட்களுக்கு ஏன் இவ்வளவு வெட்கம்? அக்கா அதை முந்தானையில் முடிந்து, சமையல்கட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டுதான் அடிப்பாள். பேத்திக்கு வரன் பார்க்கும் நேரம், "பாட்டிக்கு இழுப்பு இருக்குன்னு தெரிஞ்சா என்ன நினைப்பாங்க?" என்கிறாள். இது டி.பி. என்ற வார்த்தைக்குப் பயந்த காலத்தின் மிச்சம். தாம்பரம் சானடோரியத்துக்கோ பெருந்துறை சானடோரியத்துக்கோ ஒருவர் போனார் என்றால் அந்தக் குடும்பத்தில் பெண் எடுக்க யோசித்த காலத்தை நாம் பார்த்திருக்கிறோம். சி.ஓ.பி.டி.யும் ஆஸ்துமாவும் தொற்று நோய் அல்ல. பம்ப் அடிப்பவர் பக்கத்தில் உட்கார்ந்தால் யாருக்கும் ஒன்றும் ஒட்டாது.

இரண்டாவது, "பம்ப் ஆரம்பிச்சா அதுக்கே பழகிடும், அது கடைசி மருந்து" என்ற பேச்சு. மூக்குக் கண்ணாடி போட்டால் கண் அதற்கே பழகிவிடும் என்று நம்மில் யாராவது கண்ணாடியை ஒளித்து வைக்கிறோமா? கணக்கையும் பாருங்கள். சால்புட்டமால் என்ற மருந்து மாத்திரையாகவும் வருகிறது, பம்பாகவும் வருகிறது. மாத்திரை ஒன்று 4 மில்லிகிராம். பம்பில் ஒரு தடவை அடித்தால் 100 மைக்ரோகிராம். அதாவது ஒரு மாத்திரையில் 40 அடி இருக்கிறது. மாத்திரை வயிற்றுக்குப் போய், ரத்தத்தில் கலந்து, உடம்பெல்லாம் சுற்றி, கையை நடுங்கவைத்து, நெஞ்சைப் படபடக்கவைத்து, மிச்சம் மீதியாக நுரையீரலுக்கு வரும். பம்ப் மருந்து நேராகப் போக வேண்டிய இடத்துக்குப் போகிறது. தோட்டத்துக் கடைசி வாழைக்குத் தண்ணீர் விட ஊரையே நனைப்பதா, சொட்டு நீர்க் குழாய் போடுவதா? கோயம்புத்தூர்க்காரர்களுக்கு இதைச் சொல்லித்தான் தெரிய வேண்டுமா?

அளந்து அடிக்கும் இந்தப் பம்ப் 1956-ல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. ஆஸ்துமா இருந்த 13 வயதுச் சிறுமி, சென்ட் அடிக்கிற மாதிரி என் மருந்தையும் ஒரு டப்பாவில் அடைக்கக் கூடாதா என்று கேட்டதில்தான் அது பிறந்தது. அவள் அப்பா ஒரு மருந்து கம்பெனியின் தலைவர். மருந்து கம்பெனிகள் மேல் எனக்கு ஆயிரம் குறை உண்டு. இந்த ஒரு விஷயத்தில் கும்பிடு போடலாம்.

ஆனால் பம்ப் வாங்கினால் போதாது, அடிக்கத் தெரிய வேண்டும். என்னோடு வேலை பார்த்த ஒருவர், கருவியில் போட்டு உறிஞ்ச வேண்டிய பவுடர் கேப்ஸ்யூலை ஒரு மாதம் தண்ணீரோடு விழுங்கிக்கொண்டிருந்தார். கேட்கவே வேண்டாம், ஒன்றும் குறையவில்லை. மருந்துச் சீட்டைப் பார்த்து எடுத்துக் கொடுத்தவரும் சொல்லவில்லை, எழுதியவரும் சொல்லவில்லை. பவுடர் என்றால் வேகமாக, பலமாக இழுக்க வேண்டும். பம்ப் என்றால் மூச்சை முழுக்க விட்டுவிட்டு, அழுத்திக்கொண்டே மெதுவாக ஆழமாக இழுத்து, பத்து விநாடி அடக்க வேண்டும். நம் வயதில் கையும் மூச்சும் ஒத்துப்போகாது, அதனால் ஸ்பேஸர் என்ற பிளாஸ்டிக் கூண்டைக் கேட்டு வாங்குங்கள். ஸ்டீராய்டு உள்ள பம்பாக இருந்தால் அடித்தபின் வாய் கொப்பளித்துத் துப்ப வேண்டும், இல்லாவிட்டால் வாயில் வெள்ளை படரும். இன்னொன்று, நீல நிறப் பம்ப் அந்த நேர இளைப்பைத்தான் தணிக்கும். உள்வீக்கத்தை ஆற்றாது. ஆஸ்துமாவுக்கு அதை மட்டும் நம்பிக் காலம் தள்ளக் கூடாது என்று உலக ஆஸ்துமா வழிகாட்டுதல் 2019-லேயே மாற்றி எழுதிவிட்டது. நம் ஊரில் இன்னும் பலர் நீலத்தை மட்டும் வைத்துக்கொண்டு, நன்றாகிவிட்டது என்று தடுப்பு மருந்தை நிறுத்திவிடுகிறார்கள்.

நாட்டு மருந்தை நான் குறை சொல்ல வரவில்லை. ஆடாதோடை சாதாரண இலையல்ல. மருந்துக் கடையில் இருமலுக்குக் கொடுக்கும் புரோம்ஹெக்ஸின், அந்த இலையில் உள்ள சரக்கிலிருந்து கிளைத்ததுதான். நான் பயப்படுவது பெயர் இல்லாத பொட்டலங்களுக்கு. இரண்டே நாளில் இளைப்பு நின்றது, பசி எடுத்தது, முகம் பூரித்தது என்றால் உள்ளே ஸ்டீராய்டு கலந்திருக்கிறதோ என்று சந்தேகப்படுங்கள். எத்தனை மில்லிகிராம் என்று கலந்தவருக்கே தெரியாது.

அரசாங்கத்துக்கும் ஒரு விண்ணப்பம். 2021 ஆகஸ்டில் ஆரம்பித்த மக்களைத் தேடி மருத்துவம் நல்ல திட்டம். பி.பி., சுகர் மாத்திரை வீட்டு வாசலுக்கே வருகிறது. எங்கள் வயதுக்காரர்கள் அந்த எண்களை ஒப்பிப்பதற்கே அந்த மாதிரி வேலைகள்தான் காரணம். அதே போல ஒவ்வொரு ஆரம்ப சுகாதார நிலையத்திலும் ஊதிப் பார்க்கும் கருவி ஒன்றும், அதைச் சரியாக ஊதவைக்கத் தெரிந்த ஒரு ஆளும் இருக்க வேண்டும். முதலில் விறகடுப்பில் வெந்த பெண்களையும், மில்லில் தூசி தின்றவர்களையும் கூப்பிட்டு ஊத வையுங்கள். இங்கிலாந்தில் ஹட்சின்சன் என்ற டாக்டர் 1846-லேயே ஆயிரக்கணக்கானவர்களை ஊதவைத்துக் கணக்கெடுத்துவிட்டார். இன்னும் இது நமக்கு ஸ்பெஷலிஸ்ட் வைத்தியமாக இருப்பது நியாயமில்லை.

அக்காவுக்கு இப்போது தினம் இரண்டு வேளைப் பம்ப், காலையில் உதடு குவித்து மூச்சுப் பயிற்சி, வருஷத்துக்கு ஒரு ஃப்ளூ ஊசி. நிமோனியா தடுப்பூசியும் போட்டாயிற்று. முன்பு வாசல் வரை நடந்தவள், இப்போது தெருமுனைப் பிள்ளையார் கோயில் வரை நின்று நின்று போய் வருகிறாள். கொசுவர்த்திச் சுருளை ஒழித்துவிட்டுக் கொசுவலை கட்டியாகிவிட்டது. ஒரு சுருள் எரிந்தால் வரும் நுண்துகள், 75 முதல் 137 சிகரெட் எரிந்ததற்குச் சமம் என்று 2003-ல் ஒரு ஆய்வு வந்தது என்று நான் சொன்னதும் மருமகள் அன்றைக்கே தூக்கிப் போட்டாள். வெள்ளிக்கிழமை சாம்பிராணி மட்டும் இன்னும் நிற்கவில்லை. அதில்தான் வீட்டில் சண்டை நடந்துகொண்டிருக்கிறது. "அடுப்புப் புகையை நிறுத்தினீங்க, சரி. சாமி புகையையுமா?" என்கிறாள். தூபக்காலை அவள் கையில் கொடுக்காமல் மருமகள் மொட்டை மாடியில் போட்டுவிட்டு வருவது என்று போன வாரம் ஓர் ஒப்பந்தம் ஆகியிருக்கிறது.